சிங்கி இறாலின் மரபணு ஆய்வும் அனுமதி விதிகளும்: வட அட்லாண்டிக் கரையின் அனுபவம்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலம், சினை முட்டை சுமக்கும் சிங்கி இறாலைப் பிடித்து வைத்திருப்பதை 1872-லேயே தடுத்துவிட்டது. பின்னாளில் மேலோட்டின் நீளத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வந்தன. சினையோடு சிக்கிய தாயின் வால் துடுப்பில் 'வி' வடிவில் வெட்டி, அடையாளத்தோடு கடலில் விடும் பழக்கமும் வேரூன்றியது. குட்டியையும் தாயையும் கிழட்டுப் பெரிய இறாலையும் தொடாதே என்பதே இவ்விதிகளின் சாரம். மரபணு ஆய்வாளருக்குத் தேவைப்படுபவையோ பெரும்பாலும் இவையேதான். ஆய்வு அனுமதி என்ற ஏற்பாடு இந்த முரணிலிருந்து பிறந்தது. அது விஞ்ஞானிகளுக்குக் காட்டும் சலுகை என்று பார்ப்பது பிழை.

அனுமதி எதைக் காக்கிறது என்பது காலப்போக்கில் மாறியிருக்கிறது. 1970-களில் புரதங்களை ஒப்பிட்டே இனக்கூட்டங்களைப் பிரித்தறிய முயன்றார்கள். அதற்கு உறையவைத்த திசு தேவைப்பட்டதால் இறாலின் உயிர் பெரும்பாலும் போனது. டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை பரவியபின் நீச்சல் காலின் நுனி போதுமானதாயிற்று. இறால் அடுத்த முறை ஓடு உரிக்கும்போது இழந்ததை வளர்த்துக்கொள்ளத் தொடங்கிவிடும். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 17 இடங்களின் இறால்களைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக் குறிகளால் ஒப்பிட்டு, வடக்கும் தெற்கும் தனித்தனிக் கூட்டங்கள் என்று காட்டியது.

அப்படியானால் அனுமதி எதற்கு, நுனி வெட்டுவதால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு இப்போது இறாலில் இல்லை, கூண்டில் இருக்கிறது. சிறிய இறால் தப்பிக்கக் கூண்டில் திறப்பு இருக்க வேண்டும் என்பது விதி. குட்டிகளைக் கணக்கிட அதை அடைக்க வேண்டும். கூடுதல் கூண்டென்றால் கூடுதல் செங்குத்துக் கயிறு. அழிவின் விளிம்பிலுள்ள வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் சிக்கிச் சாவது இத்தகைய கயிறுகளில்தான். மேலும், சினையைச் சுரண்டிவிட்டு இறாலை விற்கும் திருட்டு இத்தொழிலில் பழையது. படகில் சினை இறாலைக் காணும் காவலருக்குத் திருடனையும் ஆய்வாளரையும் பிரித்துக்காட்டுவது அனுமதித் தாள் ஒன்றே.

சந்தைக்கு வரும் இறாலிலேயே மாதிரி எடுக்கலாமே என்பது மீனவர்களின் நியாயமான கேள்வி. பிடித்த இடம் சரியாகப் பதிவாகியிருந்தால், கூட்டங்களைப் பிரித்தறிய அது போதும்; அந்த அளவுக்கு அனுமதியே வேண்டாம். ஆனால் சந்தைக்குச் சினை வராது. கனடாவில் 2005-இல் வெளியான ஆய்வு, தாயின் வயிற்றடியில் ஒட்டியிருந்த முட்டைகளைச் சோதித்து, மீன்பிடி அதிகமுள்ள இரு பகுதிகளில் ஒரே ஈட்டுக்குப் பல தந்தையர் இருப்பதைக் கண்டது. மீன்பிடி குறைந்த அந்திகோஸ்தித் தீவில் அது காணப்படவில்லை. பிடிப்பின் அழுத்தம் இணைசேரும் முறையையே மாற்றுகிறதா என்ற ஐயம் அதிலிருந்துதான் எழுந்தது. சினைத் தடையை அப்படியே இறுக்கியிருந்தால், அந்தத் தடை போதுமானதா என்றுகூட எவராலும் கேட்டிருக்க முடியாது.

ஆகவே கூண்டுக்கும் கயிற்றுக்கும் கடுமையான நிபந்தனை, திசு நுனிக்கும் சில முட்டைகளுக்கும் எளிய நடைமுறை என அனுமதியை இரண்டாகப் பிரிப்பதே முறை.