பன்னிரண்டு பிராயத்துப் பிள்ளை

காஞ்சிபுரத்துக்கு வருகிற யாத்ரிகர்கள் ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் வரதராஜரையும் சேவித்துவிட்டு, காந்தி ரோட்டில் கல்யாணப் பட்டு எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். மேற்கு நோக்கிய சந்நிதியும், பெருமாள் இருந்தும் கிடந்தும் நின்றும் மூன்று நிலைகளில் எழுந்தருளியுள்ள விமானமும் உடைய வைகுண்டப் பெருமாள் கோயிலின் பக்கம் அவர்கள் திரும்புவது அபூர்வம். திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரம் என்று மங்களாசாஸனம் செய்த அந்தக் கோயிலில், சிங்கத் தூண்கள் அணிவகுத்து நிற்கும் திருச்சுற்று மாளிகையின் சுவர் நெடுகப் பல்லவ வம்சத்தின் சரித்திரம் இரண்டு வரிசைச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மணற்கல் ஆகையால் பல முகங்கள் தேய்ந்து மூக்கும் கண்ணும் ஒன்றாகிவிட்டன. ஆயினும் சில சிற்பங்களின் கீழே தமிழில் பொறித்த வாசகம் எஞ்சியிருப்பதால், தூர தேசம் சென்று ஒரு பிள்ளையை அழைத்துவந்த விருத்தாந்தத்தை இன்றும் நம்மால் தொடர்ந்து அறிய முடிகிறது.

ஏறக்குறைய கி.பி. 731-இல் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபட, அரியணைக்கு உரியவர் இன்றி நாடு தத்தளித்தது. மந்திரிகளும், காஞ்சியின் புகழ்பெற்ற கல்விச்சாலையாகிய கடிகையைச் சேர்ந்தவர்களும், மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட குடித்தலைவர்களும் ஒன்றுகூடி, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் கிளையில் வந்த இரணியவர்மனைத் தேடிப் புறப்பட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பிரிந்துபோன கிளை அது. அவன் ஆண்ட தேசம் எதுவென்று கல்வெட்டு சொல்லவில்லை. கடல் கடந்த காம்போஜமாக இருக்கலாம் என்று ஊகித்த ஆராய்ச்சியாளரும் உண்டு; அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. மலைகளும் ஆறுகளும் வனங்களும் இடையே கிடந்தன என்பதைச் சுவர் சொல்கிறது.

வந்த காரியத்தைக் கேட்ட இரணியவர்மன், முதலில் தன் குலத்துப் பெரியவர்களை வினவினான்; அவர்கள் மறுத்தார்கள். பிறகு தன் புத்திரர்களை ஒவ்வொருவராகக் கேட்டான். ஸ்ரீமல்லனும் ரணமல்லனும் சங்கிராமமல்லனும் விலகிக்கொள்ள, நாலாமவனான பல்லவமல்லன் தான் போவதாகச் சொல்லி வணங்கி நின்றான். அப்போது அவனுக்குப் பிராயம் 12. தந்தையின் மனம் ஒப்பவில்லை. இத்தனை சிறிய பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அவன் கலங்கியதும், தரணிகொண்டபோசர் என்ற பெரியவர் தேற்றிய பிறகே இசைந்ததும் கல்லில் இருக்கின்றன. வெற்றிகளையும் விருதுகளையும் அடுக்குவதற்கென்றே ஏற்பட்ட அரசர் சாசனங்களுக்கிடையே, ஒரு தகப்பனின் தயக்கத்துக்கு இடம் கொடுத்த இந்தச் சாசனத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. பையன் காஞ்சியை நெருங்கியதும் ஒரு பெரும்படை எதிர்கொண்டு அவனை யானைமேல் ஏற்றி அழைத்துவந்தது. சாமந்தர்களும் நகரத்தாரும் வரவேற்றார்கள். நந்திவர்மன் என்ற அபிஷேக நாமத்தோடு பட்டாபிஷேகம் நடந்தது.

இச்சிற்பங்களை வரிசைப்படுத்திப் பொருள் கூறிய டாக்டர் சி. மீனாட்சி, சென்னைச் சர்வகலாசாலையில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி. தேய்ந்த எழுத்துக்களோடு போராடி அவர் எழுதிய நூல் அச்சேறி வந்தது 1941-இல். அதற்கு முந்திய ஆண்டே, இளம் வயதில், அவர் காலமாகிவிட்டார்.

சாஸ்திரப்படி பார்த்தால் பல்லவமல்லன் வந்ததைச் சுவீகாரம் என்று சொல்ல இயலாது. ஏற்றுக்கொள்ள வேண்டிய தந்தையே அப்போது உயிரோடில்லை. ஒரு நகரம் பிள்ளை எடுத்துக்கொண்டது என்றே சொல்லவேண்டும். பிற்காலத்தில் தத்தக மீமாம்ஸையையும் தத்தக சந்திரிகையையும் வைத்துக்கொண்டு நியாயஸ்தலங்களில் வாதாடியவர்கள், வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுக்கலாமா என்பதை உபநயனம் ஆயிற்றா, விவாகம் ஆயிற்றா என்று அளந்தார்களேயன்றி, பிள்ளை வர விரும்புகிறானா என்பதை அளவுகோலாகக் கொள்ளவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் 15 வயதை எல்லையாக வைத்து, மாறான வழக்கம் உள்ளவர்களுக்கு விலக்கும் அளித்தது.

இவ்வூர் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணா, தமக்குப் பிள்ளைப்பேறு இல்லாமையால் தமக்கையின் பேரப்பிள்ளைகளைத் தம் மக்களாக வளர்த்ததை நாடறியும். பிறர் பிள்ளை ஒரு வீட்டுக்குள் வருவதற்கு இதே ஊரில் வேறொரு வாசலும் இருந்தது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்யும்போது, கரை நாடாவை எறிந்து கொடுக்கத் தறியின் ஓரத்தில் ஒரு துணையாள் வேண்டும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அந்த இடத்தில் எத்தனையோ சிறுவர் சிறுமியர் வருஷக்கணக்காக உட்கார வைக்கப்பட்டார்கள். வருகிறாயா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. காஞ்சிப் பட்டின் பெருமையைப் பேசுகிற எவரும் இதை மறைத்துப் பேசலாகாது.

இன்று யாத்திரை எதிர்த்திசையில் நடக்கிறது. அந்நிய தேசத்துத் தம்பதிகள் விமானமேறி இங்கே பிள்ளை தேடி வருகிறார்கள். முன்பு அவர்களுக்கு 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமே வழியாக இருந்தது. 1984-இல் லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்கில் நீதிபதி பகவதி விரிவான நெறிகளை வகுத்தார்; 1993-இல் ஏற்பட்ட ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. வளர்ந்த குழந்தையானால் அதன் சம்மதத்தையும் கேட்டறிய வேண்டும் என்பது இப்போதைய விதி. இரணியவர்மன் தன் மைந்தர்களிடம் கேட்ட கேள்வி அது.

கேட்டு அழைத்துவரப்பட்ட அந்தப் பிள்ளை அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். தன் கதை செதுக்கப்பட்ட இந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே. அவனுடைய 21-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உதயேந்திரம் செப்பேடு, அவனைப் பரமேசுவரவர்மனின் புத்திரன் என்கிறது. அடுத்த ஆண்டில், 22-ஆம் ஆட்சியாண்டில், வெளியான காசாக்குடிச் செப்பேடோ, குடிகளால் தேர்ந்துகொள்ளப்பட்டவன் என்று அவனைக் கூறி, பீமவர்மன் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி வந்து, அவன் தந்தை இரணியன் என்று முடிக்கிறது.