அளவு மாதிரிக் கவச வண்டிகளில் உருமறைப்பு வண்ணம் தீட்டல்

அளவு மாதிரிகளில் உருமறைப்பு வண்ணம் தீட்டல் என்பது, படைத்துறை வண்டிகளின் சிறிய நெகிழி மாதிரிகள் மீது, அவ்வண்டிகள் களத்தில் கொண்டிருந்த நிறக்கோலத்தை மீள உருவாக்கும் முறையாகும். கவச வண்டி மாதிரிகளுக்கு 1:35 அளவு பரவலாகப் பயன்படுகிறது. சப்பானிய நிறுவனமான தாமியா 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட பாந்தர் டாங்கி மாதிரி இந்த அளவிற்கு வழியமைத்தது.

வரலாற்றுப் பின்னணி

மாதிரி செய்வோர் மிகுதியாகத் தீட்டும் கோலங்களுள் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க்காலச் செருமானிய மூவண்ணக் கோலம் ஆகும். ஐரோப்பியப் போர்முனையில் அடர்சாம்பல் நிறத்தில் இருந்த செருமானியக் கவச வண்டிகளின் அடிநிறம், 1943 பிப்ரவரி ஆணைப்படி அடர்மஞ்சளாக மாற்றப்பட்டது. அதன் மேல் தீட்டுவதற்கான ஒலிவப் பச்சை, செம்பழுப்பு வண்ணங்கள் களிம்பாகப் படைப்பிரிவுகளுக்கு வழங்கப்பட்டன. வீரர்கள் அவற்றை நீரிலோ பெட்ரோலிலோ கரைத்துத் தாமே தீட்டினர். கரைத்த விகிதத்திற்கேற்ப நிறமும், களத்திற்கேற்பக் கோலமும் வேறுபட்டன. எனவே ஒரே வகை வண்டிகளில்கூட இரண்டு ஒன்றுபோல் இருப்பது அரிது. 1944 ஆகஸ்ட் முதல் தொழிற்சாலைகளிலேயே கோலம் தீட்டப்படலாயிற்று.

செய்முறை

1. மாதிரியைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, பிரைமர் பூசுதல்.
2. அடர்மஞ்சளை முழுப்பரப்பிலும் மெல்லிய படலங்களாகத் தெளித்தல்.
3. பச்சை, பழுப்புத் திட்டுகளைத் தீட்டுதல்.
4. பளபளப்பு வார்னிஷ் பூசி, எண்களையும் குறிகளையும் ஒட்டுதல்.
5. அழுக்கு, தேய்மானம் காட்டி, மங்கல் வார்னிஷால் முடித்தல்.

விளிம்புகள்

தெளிப்பானால் தீட்டிய உண்மை வண்டிகளில் திட்டுகளின் விளிம்பு மென்மையாக மங்கும். ஆனால் உண்மையில் 7 செ.மீ. அகலமுள்ள மங்கல் 1:35 மாதிரியில் 2 மி.மீ. மட்டுமே. இதைவிட அகன்றால் மாதிரி பொம்மைபோல் தோன்றும். ஆகவே நன்கு நீர்த்த வண்ணத்தைக் குறைந்த அழுத்தத்தில், ஏர்பிரஷ்ஷைப் பரப்பிற்கு மிக அருகில் பிடித்துத் தெளிக்க வேண்டும். தூரிகையால் தீட்டப்பட்ட வண்டிகளுக்குக் கூர்மையான விளிம்பு தேவை. இதற்கு மாஸ்கிங் டேப் அல்லது மறைப்புக் களிமண் பயன்படுகிறது.

நிழற்படச் சான்று

பெட்டியுடன் வரும் வண்ண வழிகாட்டி ஒரு சில வண்டிகளை மட்டுமே காட்டும். குறிப்பிட்டதொரு வண்டியைச் செய்வோர் அதன் நிழற்படத்தைப் பார்ப்பதே முறை. எனினும் கருப்பு வெள்ளைப் படங்களில் பச்சையும் பழுப்பும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகத் தெரிவதால், கோலத்தின் வடிவத்தை உறுதி செய்ய முடிந்தாலும் நிறத்தை எப்போதும் உறுதி செய்ய இயலாது.

பாதுகாப்பு

வண்ணம் தெளிக்கும்போது முகமூடி அணிவதும், காற்றோட்டமான இடத்தில் பணிபுரிவதும் இன்றியமையாதவை.