இப்னு பதூதாவின் விலைக் கணக்கு

கடல் கடந்து பொருள் தேடச் சென்றவர் விடுமுறையில் ஊர் திரும்பினால், நலம் விசாரித்து முடிந்தவுடன் எழுகின்ற வினா ஒன்றுண்டு: 'அங்கே கறி கிலோ என்ன விலை?' வந்தவர் திர்ஹத்திலோ ரியாலிலோ வெள்ளியிலோ விடை பகர்வார். வீட்டிலுள்ள ஒருவர் அதனை உடனே ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பார். 'அடேயப்பா! அந்தக் காசுக்கு இங்கே ஒரு வாரம் சமைக்கலாமே' என்று வியப்பார். நம் பாட்டனார்கள் இரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய காலந்தொட்டு நம் சபராளிக் குடும்பங்களில் இப்பெருக்கற் கணக்கு ஓயாது நடந்து வருகின்றது.

இக்கணக்குச் சரியானதுதானா? இதனை ஆராயப் புகும்போது, ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முன் இதே கணக்கைப் போட்டுப் பார்த்த பெருஞ்சபராளி ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். அவரே இப்னு பதூதா. மதரஸாவில் ஓதிய நாளில் அவரது 'ரிஹ்லா'வை அரபு நடைக்காகவும் அதிலுள்ள அதிசயங்களுக்காகவும் படித்தோம். கடைத்தெரு விலைகள் வரும் பக்கங்களைப் புரட்டித் தள்ளினோம். இன்று நம் மாணவர் பலர் வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நிலையில், அன்று தள்ளிய பக்கங்களே நம்மை நிறுத்தி வாசிக்க வைக்கின்றன.

வங்காளத்துச் சந்தை

1304ஆம் ஆண்டு மொராக்கோவின் தஞ்சா நகரில் பிறந்த இப்னு பதூதா, 1325ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 725) ஹஜ்ஜை நாடி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். 1333இல் சிந்து நதியை அடைந்து, டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் கீழ்க் காழியாகப் பணியாற்றினார். நம் மஅபர் கரைக்கும் மதுரைக்கும் வந்து சென்றார். மாலத்தீவிலும் காழியாக அமர்ந்தார். 1346 வாக்கில் வங்காளம் சேர்ந்தார்.

உலகில் இவ்வளவு விலை மலிந்த நாட்டைத் தாம் கண்டதில்லை என்று அவர் எழுதுகிறார். கொழுத்த கோழி எட்டு, ஒரு திர்ஹம். புறாக்குஞ்சு பதினைந்து, ஒரு திர்ஹம். கொழுத்த ஆட்டுக்கடா இரண்டு திர்ஹம். கறவைப் பசு மூன்று வெள்ளி தீனார். முப்பது முழ உயர்ந்த பருத்தித் துணி இரண்டு தீனார். டில்லி நிறுவையில் இருபத்தைந்து ராத்தல் அரிசி, எட்டுத் திர்ஹம் கொண்ட ஒரு வெள்ளி தீனார். குராசான் நாட்டவரோ அந்நாட்டின் இருண்ட தட்பவெப்பம் பொறாது, அருட்கொடைகள் நிரம்பிய நரகம் என்று அதற்குப் பெயரிட்டிருந்தனராம்.

இவ்விடத்தில் அவர் பதிவு செய்துள்ள ஒரு சிறு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். அரிசி இவ்வளவு மலிவு என்று அவர் வியந்து நிற்கையில், 'இது எங்களுக்குப் பஞ்ச விலை' என்னும் கருத்தில் அவ்வூரார் பேசிக்கொண்டதைத் தம் காதால் கேட்டதாக எழுதுகிறார். வெளிநாட்டு வெள்ளியைக் கையில் வைத்திருந்தவருக்கு மலிவாகத் தோன்றிய அரிசியே, அந்த மண்ணில் உழுது உண்பவனுக்கு எட்டா விலையாக இருந்தது.

அவ்வூரார் மிகைபடக் கூறினர் என்று கொள்வதற்கில்லை. அவர் தரும் மற்றொரு கணக்கே இதற்குச் சான்று. முஹம்மது அல்மஸ்மூதி என்னும் மக்ரிபு நாட்டு நல்லடியார் ஒருவர் வங்காளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, பின்னர் டில்லியில் இப்னு பதூதாவின் இல்லத்தில் மரணமடைந்தார். தாமும் மனைவியும் பணியாளும் ஆக மூவருக்கும் ஓராண்டு உணவை எட்டுத் திர்ஹத்தில் முடித்துக்கொண்டதாக அவர் சொல்லியிருந்தார். எட்டுத் திர்ஹத்துக்கு எண்பது டில்லி ராத்தல் நெல் வாங்குவாராம். குத்தினால் ஐம்பது ராத்தல் அரிசி தேறுமாம்.

இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அல்மஸ்மூதியின் காலத்தில் எட்டுத் திர்ஹத்துக்கு ஐம்பது ராத்தல். இப்னு பதூதா கண்ட காலத்தில் அதே காசுக்கு இருபத்தைந்து. வீட்டில் நெல் குத்திய உழைப்புக்குச் சிறிது கழித்தாலும், விலை வெகுவாக ஏறியிருந்தது என்பது தெளிவு. ஊரார் சொன்னது உண்மையே.

இன்னொன்றும் உண்டு. ஒரு டில்லி ராத்தல் இருபது மக்ரிபு ராத்தல் என்கிறார் இப்னு பதூதா. ஆகவே ஐம்பது என்பது ஆயிரம் மக்ரிபு ராத்தல். மூவருக்கும் ஓராண்டுக்கும் பங்கிட்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தலுக்கும் சற்றுக் குறைவாகவே வரும். டில்லியில் கடும்பஞ்சம் வந்தபோது சுல்தான் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு வழங்கச் சொன்ன தானியமோ, நாளொன்றுக்கு ஒன்றரை மக்ரிபு ராத்தல்! எனவே அப்பெரியார் குறைந்த செலவில் வாழ்ந்தமைக்குச் சந்தையின் மலிவு பாதிக் காரணமாயின், அவரது போதுமென்ற மனம் மறுபாதிக் காரணமாகும்.

அந்த விலைப்பட்டியலில் நம் மனத்தை உறுத்துவதும் ஒன்றிருக்கிறது. கோழி, புறா, துணி ஆகியவற்றை அடுத்து, ஓர் அழகிய அடிமைப் பெண்ணின் விலையும் வருகிறது: ஒரு பொன் தீனார். ஏறத்தாழ அவ்விலைக்கு ஆஷூரா என்னும் பெண்ணைத் தாமே வாங்கியதாகவும் அவர் எழுதுகிறார். அக்கால வழக்கம் என்று சொல்லி இதனைக் கடந்துவிட நமக்கு மனம் வரவில்லை. எல்லாப் பொருளும் மலிவாகக் கிடைக்கும் ஊரில் மனித உழைப்பும் மலிவாகவே விலை போகிறது. 'அங்கே எல்லாம் மலிவு' என்று எவரேனும் புகழும்போது, அம்மலிவை யாருடைய முதுகு சுமக்கிறது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

சோழி சொல்லும் பாடம்

நாணய மாற்று என்பது எத்துணை விந்தையானது என்பதற்கு அவர் தரும் சோழிக் கணக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. மாலத்தீவில் கடற்சோழியே நாணயம். அங்கே நான்கு இலட்சம் சோழிக்கு ஒரு பொன் தீனார். விலை இறங்கினால் பன்னிரண்டு இலட்சம் சோழி கொடுத்தால்தான் ஒரு தீனார். அத்தீவினர் சோழியை வங்காளத்துக்கு அனுப்பி அரிசி பெற்றனர். அதே சோழி ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலும் காவ் நகரிலும் 1,150க்கு ஒரு பொன் தீனார் என்று விற்கக் கண்டார்.

மாலத்தீவில் ஒரு தீனாருக்கு ஈடான நான்கு இலட்சம் சோழி, காவ் நகரில் முந்நூறு தீனாருக்கு மேல் பெறும். இதைக் கேட்டவுடன் ஒரு மூட்டைச் சோழியுடன் காவ் நகருக்குப் புறப்படத் தோன்றும்! ஆயின் இடையில் கிடந்தவை ஒரு பெருங்கடலும் ஒரு பெரும்பாலைவனமும். கப்பற்கூலியும் ஒட்டகக் கூலியும் சுங்கமும் கொள்ளையர் அச்சமும் உயிரின் ஆபத்தும் அந்த விலைக்குள் அடங்கியிருந்தன. சபராளியின் ஊதியமும் இத்தகையதே. அதனைப் பெருக்கிப் பார்க்கும் நாம், இடையிலுள்ள பாலைவனத்தைக் கழித்துப் பார்ப்பதில்லை.

இப்னு பதூதாவின் சொந்தக் கணக்கே இதற்குச் சாட்சி. டில்லியில் காழியாக அவர் பெற்றது ஆண்டுக்கு 12,000 தீனார். ஆனால் வணிகர்களுக்கு அவர் பட்டிருந்த கடன் 55,000 தீனார்! சுல்தானைக் காண வருவோர் காணிக்கை கொண்டுவர வேண்டும். அதனை வாங்க வணிகர்கள் கடன் கொடுப்பர். அக்கடனை அடைக்கச் சுல்தானின் கருணைக்காக அவர் காத்துக் கிடந்தார். ஊருக்கு வரும்போது பெட்டி நிறையப் பொருள் கொண்டுவர வேண்டுமே என்று கடன் வாங்கும் நம் இளைஞர்களுக்கு இது புதுக்கதை அன்று.

தாய்நாட்டுக் கறி

1349இல் அவர் ஃபாஸ் நகர் திரும்பினார். அங்கிருந்து அவர் போடும் கணக்கு நமக்கு மிகவும் பழக்கமானது. எகிப்தில் பதினெட்டு ஊக்கியா ஆட்டுக்கறி ஒரு நுக்ரா திர்ஹம். அந்தத் திர்ஹம் ஒன்று மக்ரிபின் ஆறு திர்ஹத்துக்குச் சமம். மக்ரிபிலோ விலை ஏறிய காலத்திலும் அதே பதினெட்டு ஊக்கியா இரண்டே திர்ஹம், மூன்றிலொரு பங்கு. திராட்சையும் காய்கறியும் ஷாமைவிட மலிவு. எகிப்தியர் பெருங்கொப்பரையில் வேகவைத்து நல்லெண்ணெயிட்டு உண்ணும் பயறும் கடலையும் தம் நாட்டிலும் உண்டாம். கறியும் நெய்யும் தேனும் மிகுந்திருப்பதால் அவற்றை நாடத் தேவையில்லையாம்! எகிப்தையும் ஷாமையும்விடத் தம் நாடே மலிவானது, வளமானது என்று தீர்ப்பளிக்கிறார்.

மக்ரிபின் திர்ஹம் சிறியது, ஆயினும் பயன் பெரிது என்று அவர் கண்டது கூர்மையான உண்மை. எனினும் இத்தீர்ப்பை அப்படியே ஏற்பதற்கில்லை. சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸை எழுத, 1355இல் முடிந்த நூல் அது; அரசரின் நாட்டைப் புகழ்வது அவையின் மரபு. மேலும் ஒரு பெருங்குறை உண்டு. கறியின் விலையைச் சொன்ன அவர், கெய்ரோவில் ஒரு கொத்தனார் நுக்ரா திர்ஹம் ஒன்றை எத்தனை நாளில் ஈட்டினார், ஃபாஸில் இரண்டு திர்ஹத்தை எத்தனை நாளில் ஈட்டினார் என்று சொல்லவில்லை. கூலியின்றி விலை மட்டும் கூறுவது, ஒரு தட்டு மட்டுமுள்ள தராசு.

இப்னு கல்தூன் வைத்த மறுதட்டு

அந்த மறுதட்டை வைத்தவர் இப்னு கல்தூன் (1332 – 1406). 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் அவர் விலைவாசிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். பெருநகரில் தானியம் மலியும். கறி, கனி முதலிய சுவைப் பொருள்கள் விலையேறும். தொழிலாளர் கூலியும் உயரும். சுங்கமும் வரியும் விலையில் ஏறும். வரவு பெருகும் ஊரில் செலவும் பெருகும். எங்கும் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பது அவர் கண்ட விதி. ஃபாஸ் நகர்ப் பிச்சைக்காரர்கள் குர்பானி ஆட்டுக்கே காசு கேட்கின்றனர். கறியும் வெண்ணெயும் கேட்கின்றனர். திலிம்சானிலோ ஒரானிலோ இவ்வாறு கேட்டால் ஏசி விரட்டுவர் என்கிறார். கெய்ரோவின் செல்வத்தைக் கேள்வியுற்று மக்ரிபின் ஏழைகள் பலர் அங்குக் குடிபெயர ஏங்குவதையும் குறிக்கிறார்.

இப்னு பதூதாவைப் பற்றியும் அவர் ஒரு செய்தி சொல்கிறார். டில்லிச் சுல்தான் நகர மக்கள் அனைவருக்கும் ஆறு மாத உணவு வழங்கினார் என்பது போன்ற செய்திகளைக் கேட்ட ஃபாஸ் மக்கள், 'இவர் பொய்யர்' என்று முணுமுணுத்தனராம். இப்னு கல்தூனும் ஐயுற்றார். அப்போது வஸீர் ஃபாரிஸ் அவருக்கு ஒரு கதை சொன்னார். சிறையில் தந்தையுடன் வளர்ந்த சிறுவன் ஒருவன், தான் உண்ணும் கறி எதனுடையது என்று கேட்டான். 'ஆட்டுக்கறி' என்றார் தந்தை. ஆடு என்பது எப்படியிருக்கும் என்று அவர் விவரித்ததும், 'அப்படியானால் எலியைப் போன்றதா?' என்றான். சிறையில் அவன் கண்ட உயிரினம் எலி ஒன்றே!

தன் ஊரின் அளவுகோல் ஒன்றையே அறிந்தவன் உலகனைத்தையும் அதனால் அளக்கின்றான். வளைகுடாவின் விலையை ரூபாயாக்கி வியக்கும் நாமும், சில வேளைகளில் அச்சிறுவனே.

கணக்கில் ஏறாதவை

அப்படியாயின் சபராளி எவ்வாறு கணக்கிட வேண்டும்? அங்கே உண்ணும் காசை அங்குள்ள கூலியால் அளக்க வேண்டும். இங்கே அனுப்பும் காசை இங்குள்ள விலையால் அளக்க வேண்டும். இரண்டையும் கலப்பதால் இருபுறமும் கேடு விளைகிறது. ஒரு பழத்துக்குக் கை நீட்டும் மகன், அதனை ரூபாயாக்கி, 'இது வீட்டில் ஒருநாள் சமையல் ஆயிற்றே' என்று கையை இழுத்துக்கொள்கிறான். பல்லாண்டு இவ்வாறு வயிற்றைச் சுருக்கியவன் நோயுடன் திரும்பக் கண்டிருக்கிறோம். மறுபுறம், ஊரில் நாம் அவன் காசை அங்குள்ள விலைக்கே வாரியிறைக்கிறோம். கேட்ட விலைக்கு மீனும் மனையும் வாங்குகிறோம். சபராளி இல்லாத அண்டை வீட்டார், வங்காளத்தார் போல, 'எங்களுக்கு இது பஞ்ச விலை' என்கின்றனர். அக்குரல் நம் செவியில் விழ வேண்டும்.

எந்தத் திர்ஹத்தாலும் அளக்க முடியாத செலவும் உண்டு. 1348இல் டமாஸ்கஸ் வந்தடைந்த இப்னு பதூதா, தம் தந்தையார் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதைத் தஞ்சா நகரத்தார் ஒருவர் வாயிலாக அங்கேதான் அறிந்தார். தாயார் உயிருடன் இருக்கிறார் என்றும் அவரே சொன்னார். அந்த நம்பிக்கையோடு ஊர் நோக்கி வந்தவருக்கு, தாஸா நகரை எட்டியபோது செய்தி கிடைத்தது: தாயாரும் கொள்ளைநோயில் மறைந்துவிட்டார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் தஞ்சாவுக்கு வந்தவர் கண்டது தாயின் கப்ரை. எட்டுக் கோழியின் விலையையும் பதினெட்டு ஊக்கியாக் கறியின் விலையையும் மறவாது குறித்த அவர், இதற்கு எவ்விலையும் குறிக்கவில்லை.

ஆகவே, அடுத்த முறை சபராளி ஒருவர் வாசலில் வந்து நின்றால், கறியின் விலையை நாளை கேட்டுக்கொள்ளலாம். 'அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மகனே?' என்று முதலில் கேட்போமாக.