பழைய சந்தையில் பசியாறுதல்

1986ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு சந்தையைக் கழற்றி எடுத்தார்கள். பெருவிரைவு ரயிலுக்கான சுரங்கப்பாதை தெலுக் ஆயர் சந்தையின் அடியில் போக வேண்டியிருந்தது. மேலே நின்ற வார்ப்பிரும்புக் கட்டடம் அந்த அதிர்வைத் தாங்காது என்று பொறியாளர்கள் கருதினர். தூண், வளைவு, கூரைச்சட்டம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பத்திரப்படுத்தினர். சுரங்க வேலை முடிந்தபின், 1989க்குள் அதே இடத்தில் அதே உறுப்புகளைக் கொண்டு மறுபடி எழுப்பினர். அந்தக் காலத்துச் சிங்கப்பூர் எவ்வளவு வேகமாகப் பழையதை இடித்துக்கொண்டிருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தியாகத் தோன்றாது. இடிப்பதற்கு வசதியான ஒரு காரணம் கையிலிருந்தும் இடிக்காமல் விட்ட கட்டடம் அது.

மக்கள் அதை 'லாவ் பா சாட்' என்கிறார்கள். ஹொக்கியன் மொழியில் பழைய சந்தை. பெயருக்கேற்பப் பழையதுதான். முதல் தெலுக் ஆயர் சந்தை 1825இல் கடல்நீரின் மேலேயே கட்டப்பட்டது. படகில் வரும் மீனையும் காய்கறியையும் நேரே இறக்குவதற்கு வசதியாக அப்படிக் கட்டினார்கள். அடுத்தது 1838இல் வந்தது. அதை வரைந்தவர் ஜார்ஜ் டிரம்கூல் கோல்மன், ஆர்மீனியத் தேவாலயத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். எட்டுப் பட்டை வடிவத்தைச் சந்தைக்குக் கொடுத்தவர் அவரே. பின்னர் கடலைத் தூர்த்து நிலம் ஆக்கியபோது அந்தச் சந்தை போயிற்று. மூன்றாவதை 1894இல் புது நிலத்தில் எழுப்பினார் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி. (மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடை பழகுகிறவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர் இவருடையதுதான்.) எட்டுப் பட்டையை அவர் மாற்றவில்லை, கல்லுக்குப் பதில் இரும்பைக் கொண்டுவந்தார். கிளாஸ்கோ நகரத்து வார்ப்படச் சாலையில் வார்த்த தூண்கள் கப்பலேறி வந்தன.

எட்டுப் பட்டை வெறும் அழகுக்காக அமைந்ததன்று. நடுவில் மணிக்கூண்டு, அதிலிருந்து கதிர்போல் எட்டுத் திசைக்கும் பிரியும் நடைவழிகள், எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தாலும் நடுவுக்கு வந்துவிடலாம். சுவர் என்று ஒன்று கிடையாது. கூரை உயர்ந்து, அடுக்கடுக்காக விலகி நிற்பதால் சூடு மேலேறி வெளியே போய்விடும். மீன் விற்கக் கட்டிய இந்த ஏற்பாடு அடுப்பு மூட்டிச் சமைக்கவும் அப்படியே பொருந்திற்று. சுற்றுவட்டாரம் வங்கிகளும் அலுவலகங்களுமாக மாறியபின், 1970களின் தொடக்கத்தில், மீனும் காய்கறியும் வெளியேறி உணவுக்கடைகள் உள்ளே வந்தன. 1973இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. மறுபடி பூட்டியபின் சுற்றுப்பயணிகளை நினைத்து 'விழாச் சந்தை' என்று ஒரு பெயர் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெயர் ஒட்டவில்லை. ஊர் வாயில் நின்ற லாவ் பா சாட் என்பதே இன்று பலகையிலும் இருக்கிறது.

இனிப் பசியாறும் கதைக்கு வருவோம். வீட்டில் அடுப்பு மூட்டாமல் வெளியே போய்க் காலையுணவு உண்பது நம் ஊர்களில் நெடுங்காலம் பயணிகளுக்கும் திருமணமாகாதவர்களுக்கும் உரிய வழக்கமாக இருந்தது. சிங்கப்பூரில் அது நகரத்தின் அடிப்படை ஏற்பாடு. காரணம் ருசி அன்று, இடம். குடும்பத்தை ஊரில் விட்டுவந்த கூலிக்காரர்களும் படகுக்காரர்களும் ஒரு கடைவீட்டின் மேல்மாடியைப் பலகைத் தடுப்புகளால் பல அறைகளாக்கித் தங்கியிருந்தார்கள். சமைக்க அங்கே மூலையேது? தெருவே சமையலறையாயிற்று. கஞ்சி, நூடல்ஸ், அப்பம், புட்டு, இட்லி, நாசி லெமாக் எல்லாம் காவடித் தண்டில் தொங்கியோ தள்ளுவண்டியில் உருண்டோ வந்தன.

இன்று சிங்கப்பூரின் காலையுணவு என்று உலகம் அறிந்திருக்கும் கோப்பியும் காயா ரொட்டியும் ஹைனான் தீவினர் தந்தவை. ஹொக்கியன், தியோச்சியூ மக்கள் வணிகத்தைப் பிடித்துக்கொண்டபின் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களானார்கள். எசமான் தின்ற ரொட்டியையும் வெண்ணெயையும் ஜாமையும் பார்த்தார்கள். ஜாமுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் ரம்பை இலையும் சேர்த்துக் கிண்டிய காயாவைத் தடவினார்கள். 1930களின் மந்தக் காலத்தில் கடைவாடகை சரிந்தபோது அவர்களில் பலர் மூலைக் கடைவீடுகளைப் பிடித்துக் கோப்பிக்கடை தொடங்கினார்கள். மூலைக்கடைக்கு இரு பக்கமும் திறப்பு. வெளிச்சம், காற்று, இரண்டு தெருவின் வாடிக்கையாளர்கள். பளிங்குப் பலகை மேசை, வளைமர நாற்காலி, சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டை, துணிப்பையில் வடித்த கோப்பி, கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, சோயா சாறும் வெள்ளை மிளகுத்தூளும் தெளித்த அரைவேக்காட்டு முட்டை. கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் பழக்கத்தை இன்னும் சில கிழவர்கள் கைவிடவில்லை.

கடைவீட்டின் அமைப்புக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள பொருத்தம் கவனிக்கத் தக்கது. முகப்பு குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் அமைந்த வீடு. நடுவில் கூரையில்லாத காற்றுமுற்றம். பின்கட்டில் எரியும் அடுப்பின் புகை அதன் வழியே வெளியேறும். முன்னால் ஐந்தடி நடைபாதை. 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டக் குழுவுக்குக் கொடுத்த கட்டளைகளில் ஒன்று, ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையோடு தொடர்ச்சியான நடைபாதை வேண்டும் என்பது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அவர் கேட்ட அந்தப் பாதையில் முடிதிருத்துபவரும் கடிதம் எழுதித் தருபவரும் கச்சான் விற்பவரும் உட்கார்ந்தார்கள். கோப்பிக்கடைக்காரர் இரண்டு மேசையை வெளியே தள்ளிப் போட்டுக்கொண்டார். அதிகாரிகளுக்கும் அவருக்கும் இடையே அதுபற்றிய சச்சரவு நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

தெலுக் ஆயர் தெருவில் நம்மவர் தடமும் ஆழமானது. இப்போது கடலுக்கும் அதற்கும் இடையே வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. அன்று அந்தத் தெருவே கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர் முதலில் செய்தது உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொன்னது. ஹொக்கியன் மக்கள் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் ஆண்டவர் நினைவாகத் தர்கா எழுப்பினார்கள். அதன் அருகிலேயே 1827 முதல் ஓலைக் குடிசையாக நின்ற தொழுகையிடம் 1850களில் செங்கல் கட்டடமாயிற்று. அதுதான் அல்-அப்ரார் பள்ளிவாசல், நம் மக்கள் வாயில் குச்சுப் பள்ளி. மூன்றும் தேசிய நினைவுச்சின்னங்கள். கட்டமைப்பு பழுதாகி நெடுங்காலம் மூடிக் கிடந்த நாகூர் தர்கா புதுப்பிக்கப்பட்டு 2011இல் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே வட்டாரத்தில் 1824ஆம் ஆண்டின் ஃபுக் தாக் சீ கோயில் 1998இல் அருங்காட்சியகமாயிற்று. இப்போது ஒரு ஹோட்டலுக்குப் போகும் வழியும் அதன் வழியேதான். தங்க வருபவர் பெட்டியை உருட்டிக்கொண்டு கோயில் வாசலில் நுழைகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் சங்கடமும் வருவதுண்டு.

கட்டடங்கள் எப்படிப் பிழைத்தன? இதற்கான விடை ஒரு வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. போருக்குப் பின் வீட்டுத் தட்டுப்பாடு மிகுந்தபோது 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வாடகை உறைந்து நின்றது. வருமானம் இல்லாத வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனமில்லை. குடியிருப்பவரை வெளியேற்றவும் வழியில்லை. ஓடு சரிந்தது, உத்தரம் அரித்தது. ஆனால் இடித்துவிட்டு மாடி எழுப்பவும் அவரால் எளிதில் முடியவில்லை. புறக்கணிப்பே ஒருவகைக் காவலாக அமைந்தது. அதே உறைந்த வாடகையில்தான் கோப்பிக்கடைகளும் மலிவாகக் கோப்பி ஊற்றின.

பிறகு இரண்டு கொள்கைகள் வந்தன. ஒன்று அடுப்பைப் பற்றியது, மற்றது சுவரைப் பற்றியது. 1968, 69ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 18,000 தெருவோர உணவு வியாபாரிகள் கணக்கெடுக்கப்பட்டு உரிமம் பெற்றார்கள். 1971 முதல் 1980களின் நடுப்பகுதி வரை கட்டிய உணவங்காடி நிலையங்களுக்குள் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். குழாய்நீர், சாக்கடை, மின்சாரம் என்று எல்லாம் கிடைத்தன. அதைச் செய்தவர்கள் சுகாதாரத்தை நினைத்தார்கள், நியாயம்தான். கட்டடக் கொள்கையின் வேர் வேறு இடத்தில். 1983இல் சுற்றுப்பயணிகள் வருகை குறைந்தது. கிழக்கு என்று தேடி வருகிறவனுக்குக் காட்டக் கண்ணாடி மாளிகைதான் இருக்கிறது என்ற கவலை எழுந்தது. நகர மறுசீரமைப்பு ஆணையம் தஞ்சோங் பகாரில் சோதனையாகச் சில கடைவீடுகளைச் செப்பனிட்டது. 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ முதலியவை பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. இன்று பாதுகாக்கப்படும் கட்டடங்கள் 7,000க்கு மேல். ஓடு, பொதுச்சுவர், மர உத்தரம், காற்றுமுற்றம், சன்னல், படிக்கட்டு, முகப்பு என்று எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு விதி உண்டு. உள்ளே என்ன சமைக்க வேண்டும் என்பதற்கு விதி இல்லை, இருக்கவும் முடியாது.

இந்த இரண்டும் தனித்தனியே வென்றன என்பதே என் கருத்து. 2020இல் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, அந்தக் கலாசாரம் வாழ்ந்துகொண்டிருந்த இடம் பெரும்பாலும் 1970களின் சிமெண்டுக் கூடங்கள். அதே நேரத்தில், செப்பனிட்ட கடைவீடுகளில் காலை பத்து மணிக்குமேல் திறக்கும் கடைகள் காயா ரொட்டியைவிடப் பல மடங்கு விலையில் வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டி கொடுத்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் முற்றாக நீங்கியது. அடுப்பு போன வழியில் சுவரும், சுவர் நின்ற இடத்தில் அடுப்பும் இல்லாமற்போயின. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவனுக்குப் பத்து மணிக்குத் திறக்கும் கடையால் பயனில்லை.

கியோங் சைக் ரோட்டில் சிவப்பு வெள்ளை வண்ணத்தில் ஆப்புபோல் கூர்ந்து நிற்கும் மூலைக் கட்டடத்தைப் பலர் படத்தில் பார்த்திருப்பார்கள். அதன் முகப்பில் 'டோங் ஆ' என்ற பெயரும் 1939 என்ற ஆண்டும் பொறித்திருக்கின்றன. அது ஒரு கோப்பிக்கடையின் பெயர். 2013இல் அந்தக் கோப்பிக்கடை தெருவின் எதிர்ச் சாரிக்கு மாறிவிட்டது. பழைய கட்டடத்தில் அடுத்த ஆண்டே நவநாகரிக உணவகம் ஒன்று வந்தது. பெயரை அழிக்க முடியாது, அது பாதுகாக்கப்பட்ட முகப்பு. ஆகவே பெயர் இந்தப் பக்கமும் ரொட்டி அந்தப் பக்கமுமாக நிற்கின்றன. சிங்கப்பூரின் கட்டடப் பாதுகாப்பு எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்று கேட்பவரை அந்தத் தெருமுனைக்கு அனுப்பிவைத்தால் போதும்.

மாற்று உதாரணங்களும் இல்லாமலில்லை. காத்தோங்கில் 1925 முதல் காயா பன்னுக்குப் பேர்போன சின் மீ சின் கடை சில காலம் மூடிக் கிடந்து, 2021இல் புதுக் கூட்டாளிகளோடு அதே கடைவீட்டில் மீண்டும் திறந்தது. யா குன் கதை இன்னும் நீளமானது. ஹைனானிலிருந்து வந்த லோய் ஆ கூன் 1944இல் தெலுக் ஆயரில் தொடங்கிய கோப்பிக்கடை லாவ் பா சாட்டிலும் இருந்து, 1990களின் இறுதியில் பக்கத்திலேயே செப்பனிட்ட கடைவீடுகள் நிறைந்த ஃபார் ஈஸ்ட் ஸ்குவேருக்கு மாறிற்று. இன்று பல நாடுகளில் கிளைகள். கிளைக்கடைகளின் ரொட்டி தாய்க்கடைக்கு ஈடா என்று விவாதிப்பவர்கள் உண்டு. ஈடில்லை என்பவர் பக்கம் நான். ஆனால் செப்பனிட்ட வட்டாரத்துக்குள் பழைய தொழில் ஒன்று வாடகை கொடுத்து நிற்க முடிந்தது என்பதை மறுக்க இயலாது. சிராங்கூன் ரோட்டில் 1947இலிருந்து தோசை வார்க்கும் கோமள விலாஸையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே யாரும் மரபுடைமை என்று பேசுவதில்லை. இலை போடுகிறார்கள், சாம்பார் ஊற்றுகிறார்கள், அடுத்தவருக்கு இடம் விட எழுந்துவிடுகிறோம்.

லாவ் பா சாட்டில் இப்போதெல்லாம் மாலையில்தான் கூட்டம். பக்கத்துத் தெருவை அடைத்துச் சாத்தே சுடுகிறார்கள்; சுற்றுப்பயணிகள் அதற்காகவே வருகிறார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் பாதி மேசைகள் காலி. கோப்பி வாங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து மேலே பார்க்க அதுவே நல்ல வேளை. மணிக்கூண்டின் கீழிருந்து பார்த்தால்தான் மெக்ரிட்சியின் இரும்பு எவ்வளவு மெலிது என்பது தெரியும்.

இதைப் படிப்பவர்களில் பலருடைய தந்தையோ தாத்தாவோ தெலுக் ஆயரிலோ தஞ்சோங் பகாரிலோ சிராங்கூனிலோ தேநீர் இழுத்திருப்பார், மாவரைத்திருப்பார், சர்பத் கடை போட்டிருப்பார். கட்டடங்களின் அளவும் ஆண்டும் அரசாங்கக் கோப்புகளில் பத்திரமாக உள்ளன. எந்தக் கடையில் எந்த ஊர்க்காரர் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார், ஒரு தேநீர் என்ன விலை, கடன்கணக்கு எழுதியவர் யார் என்பவை எந்தக் கோப்பிலும் இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் இயங்குகிறது. தமிழிலும் பதிவு செய்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அழைத்துப் போய்ப் பேசவையுங்கள். முடியாவிட்டால் உங்கள் கைப்பேசியிலாவது பதிந்து வையுங்கள்.