சித்தூர்–திருப்பதி: மாணவர் சூழலியல் ஆய்வும் கல்வி வளாகங்களும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும், 2022 ஏப்ரல் வரை சித்தூரோடு சேர்ந்திருந்த மதனப்பள்ளிப் பகுதியிலும் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் வட்டாரத்தின் நீர், காடு, காற்று, கழிவு ஆகியவற்றை ஆராய்கிறார்கள். நீர் குறைந்த இந்த மண்ணில் கல்வி நிலையங்கள் தம் வளாகத்தைப் பேணும் முறையும் இந்த ஆய்வுகளோடு பின்னிக் கிடக்கிறது. மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளத்தாக்கு இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

நிலமும் நீரும்

மேற்கே மதனப்பள்ளி கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் உயர்ந்த பீடபூமி; கிழக்கே ஸ்ரீகாளஹஸ்தி பக்கம் நிலம் தாழ்ந்து சமவெளியாகிறது. பழைய சித்தூர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 900 மி.மீ. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அதை ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. சுவர்ணமுகி ஆறு கிழக்கே ஓடிக் கடலில் சேர்கிறது. பொன்னையாறு தமிழ்நாட்டுக்குள் வந்து பாலாற்றில் கலக்கிறது. ஆரணியாறு பழவேற்காட்டை நோக்கிப் போகிறது. ஆண்டின் பெரும்பகுதி இவை மணல் பாதைகளாகவே கிடக்கும்.

நிலத்தடியில் இருப்பது பெரும்பாலும் கருங்கல்லும் நைஸ் பாறையும். இந்தப் பாறையில் தண்ணீர் மேலே சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். மேல் அடுக்கு வறண்டதும் போர்வெல்கள் ஆழம் போகின்றன. ஆழத்தில் நீர் பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடப்பதால் அதில் ஃபுளோரைடு கரையும் வாய்ப்பு கூடுகிறது.

பாடத்திட்டப் பின்னணி

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் ஆறு மாதப் பாடத்தை வகுத்தது. எட்டு அலகுகள் கொண்ட அப்பாடத்தின் கடைசி அலகு களப்பணியாக இருந்தது; 100 மதிப்பெண்ணில் 25 அதற்கு ஒதுக்கப்பட்டது. அருகிலுள்ள ஆறு, மலை, புல்வெளி ஒன்றைப் பதிவு செய்வதும், மாசடைந்த ஓர் இடத்தைப் பார்த்து எழுதுவதும், சுற்றுப்புறச் செடிகள், பூச்சிகள், பறவைகளை இனங்காண்பதும் அதில் அடங்கியிருந்தன.

பள்ளி மட்டத்தில் 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையிலான மாணவர்களை உள்ளூர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராயச் சொல்கிறது. அறிக்கையைத் தாய்மொழியிலேயே எழுதலாம். 2001–02இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படை பள்ளிகளில் சூழல் மன்றங்களை ஏற்படுத்தியது. 

ரிஷிவேலி

மதனப்பள்ளியில் பிறந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி (1895–1986) 1920களில் தேர்ந்தெடுத்த பள்ளத்தாக்கில் அமைந்தது ரிஷிவேலிப் பள்ளி. மேய்ச்சலாலும் விறகு வெட்டாலும் மொட்டையாகிப்போன குன்றுகளை மீட்கும் வேலையைப் பள்ளியே ஏற்றது. சரிவுகளில் ஓடும் மழைநீரைத் தடுத்து நிலத்துக்குள் இறக்குவதும், நாட்டு மரங்களை நடுவதும், மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவதும் அந்த முயற்சியின் அடிப்படை. செடிகள் திரும்பியதும் பறவைகளும் திரும்பின. 1991இல் பள்ளத்தாக்கு பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

எஸ். ரங்கசாமியும் எஸ். ஸ்ரீதரும் எழுதி 1993இல் வெளிவந்த ஆங்கில நூல் ரிஷிவேலியின் பறவைகளையும் அவற்றின் வாழிட மீட்பையும் ஒரே அட்டைக்குள் பேசியது. பாறைக் குன்றுகளின் புதர்க்காட்டில் மட்டும் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் இங்கு காணப்படும் பறவைகளில் குறிப்பிடத்தக்கது. தென்னிந்தியாவுக்கு வெளியே இல்லாத அப்பறவை, உலக அளவில் அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

உயர்கல்வி நிலையங்கள்

ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954இலும், ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983இலும் தொடங்கப்பட்டன. இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் (ஐஐடி), இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் (ஐசர்) 2015இல் திருப்பதிக்கு வந்து, பின்னர் ஏர்ப்பேடு பகுதியில் நிரந்தர வளாகங்களை அமைத்தன.

கே. மாதவ செட்டி, கே. சிவாஜி, கே. துளசி ராவ் ஆகியோர் தொகுத்துத் திருப்பதியில் அச்சான சித்தூர் மாவட்டப் பூக்கும் தாவரங்கள் பற்றிய ஆங்கில நூல், செடியை இனங்காண மாணவர்கள் முதலில் புரட்டும் நூல்களில் ஒன்று.

வளிமண்டல ஆய்வுக்குச் சித்தூர்–திருப்பதிச் சாலையை ஒட்டிய காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்குள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், 32 வரிசைக்கு 32 என 1,024 ஆன்டெனாக்களைக் கொண்டது. தலைக்கு மேலே பல உயரங்களில் காற்று வீசும் வேகத்தையும் திசையையும் அது தருகிறது. முனைவர் பட்ட மாணவர்கள் இந்தத் தரவுகளைக் கொண்டு பருவமழையையும் இடிமழையையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சேஷாசலம் என்னும் திறந்தவெளி ஆய்வகம்

திருப்பதிக்கு மேலே எழும் சேஷாசல மலைத்தொடர் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 4,756 சதுர கி.மீ. அதன் பகுதியான ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா 1989இல் அமைந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் இங்கு இயற்கையாக வளர்கிறது. சென்னை மாகாண வன அதிகாரி பெடோமின் பெயரைத் தாங்கிய சைகஸ் பெடோமி என்னும் தாவரம், இந்த மலைகளிலும் அண்டைக் கடப்பைக் குன்றுகளிலும் மட்டுமே உள்ளது. அதே பெடோம் 1870இல் விவரித்த பொன்பல்லி நெடுங்காலம் கண்ணில் படாமல் இருந்தது. 1986இல் வெளியான ஆய்வுக் குறிப்பு அது திருமலையில் மறுபடி காணப்பட்டதைத் தெரிவித்தது.

புவியியல் மாணவர்களுக்கு மலைப்பாதையே பாடம். அடியில் பழைய கருங்கல், அதன் மேல் மிகப் பிந்திய நகரி குவார்ட்சைட். இரண்டுக்கும் இடையே சுமார் 80 கோடி ஆண்டுகளின் பதிவு விடுபட்டிருக்கிறது. இந்த இடைவெளியைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிவித்துள்ளது.

ஆய்வு முறைகள்

போர்வெல் நீரில் ஃபுளோரைடு அளப்பது மாணவர் கைக்கு எட்டும் ஆய்வு. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறிய பிறகே மாதிரி பிடிக்க வேண்டும். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பிளாஸ்டிக் புட்டியே தேவை. புட்டியின் மேல் இடம், தேதி, கிணற்றின் ஆழம் மூன்றும் எழுதப்படும். இந்தியத் தர அமைப்பு குடிநீரில் ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மி.கி.; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மி.கி. வரை பொறுக்கலாம்.

வளாகத்தின் நீர்க் கணக்கு இன்னும் எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 900 மி.மீ. மழை பெய்தால் 9 லட்சம் லிட்டர். சிதறலும் ஆவியாதலும் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுபோனாலும் 7,20,000 லிட்டர் கையில் மிஞ்சும். இதை விடுதியின் மாதாந்தர டேங்கர் ரசீதுகளோடு வைத்துப் பார்த்தால் மழைநீர்த் தொட்டிக்கான செலவு நியாயமா என்பது தெரிந்துவிடும். மெஸ்ஸில் தட்டில் மிஞ்சும் சோற்றை வேளைதோறும் எடை போடுவது, மின்மீட்டரை மாதந்தோறும் குறிப்பது, பிப்ரவரியில் வளாகப் பறவைகளை எண்ணுவது ஆகியவையும் இவ்வகையின. உயர்கல்வித் தரமதிப்பீட்டுக் குழுவான ‘நாக்’ தன் மதிப்பீட்டில் ஆற்றல், நீர், கழிவு மேலாண்மை, பசுமைத் தணிக்கை ஆகியவற்றைக் கேட்கிறது. அதனால் இத்தகைய கணக்குகளுக்கு நிர்வாகத்திலும் தேவை உண்டு.

வரம்புகள்

மாணவர் ஆய்வின் பெரிய குறை அதன் ஆயுள். ஒரு செமஸ்டரில் தொடங்கி அதிலேயே முடியும் ஆய்வு ஒரே பருவத்தை மட்டும் பார்க்கும். இரண்டு பருவமழை பெறும் இந்த மாவட்டங்களில் மே மாதத்தில் எடுத்த நீர் மாதிரி டிசம்பர் நிலையைச் சொல்லாது. பட்டம் வாங்கியதும் அறிக்கை அலமாரிக்குப் போகிறது. அடுத்த அணி வேறு கிணற்றில், வேறு முறையில் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ரிஷிவேலியின் பறவைப் பதிவு மதிப்புப் பெற்றது அது பல ஆண்டுகள் ஒரே இடத்தில் தொடர்ந்ததால்தான். மாணவர்கள் மாறினாலும் கிணறும் மாடியும் மரமும் மாறாத கல்வி வளாகத்தில் அந்தத் தொடர்ச்சி எளிதில் கைகூடும்.

2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் மூழ்கியது. இராயலசெருவு ஏரி உடையுமோ என்ற அச்சத்தில் கீழுள்ள ஊர்கள் காலி செய்யப்பட்டன. அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று கணிக்க வெள்ளத்துக்கு முந்தைய சாதாரண ஆண்டுகளின் தினசரி மழைக்குறிப்பு வேண்டும். ஒரு மழைமானியும் ஒரு நோட்டும் அணிவிட்டு அணி கைமாறினால் எந்தக் கல்லூரியும் அதைத் திரட்டிவிடலாம்.