புழுவுக்கு வந்த விலை

அமெரிக்காவின் மெயின் மாநிலத்துச் சிங்கி இறால் மீனவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே கூண்டுக்குள் பெரும்பாலும் ஹெர்ரிங் மீனை இரையாக வைத்துத்தான் சிங்கி இறால் பிடித்துவந்தார்கள். கடலில் ஹெர்ரிங் குறைந்துபோனதால் 2019-இல் அரசு அதைப் பிடிக்கும் அளவைக் கடுமையாக வெட்டியது. இரையின் விலை ஏறியது. ஏற்கெனவே டீசல், கயிறு, ஆள்கூலி என்று ஏறிக்கொண்டிருந்த கணக்கில் இரையும் சேர்ந்துகொண்டது. படித்து முடித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது மெயின் இல்லை, பழவேற்காடு. இரை தட்டுப்பாடு என்ற சொல்லை நான் முதல்முதலில் காதால் கேட்டது அங்கேதான்.

பழவேற்காட்டுக்கு நான் போக ஆரம்பித்தது டச்சுக்காரர்களுக்காக. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கும். 1613-இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை இன்று வெறும் மேடும் புதரும். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்குத் தலைமையிடம் இதுதான், 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை. அவர்களுக்கு வேண்டியது துணி. ஊர் அவர்கள் வரலாற்றில் வருகிறது, நெசவு வருகிறது, வெடிமருந்துகூட வருகிறது. ஏரியில் வலை போட்டவன் வருவதில்லை. நானும் நாலைந்து தடவை கல்லறையைப் படம் எடுத்துவிட்டுத்தான் திரும்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை படகில் முகத்துவாரம் வரை போனபோது படகோட்டி அண்ணன் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டினார். உள்ளே வெட்டிய மீன் துண்டு, ஒரே நாற்றம். நண்டுக்கு இரை என்றார். "முன்னாடி எல்லாம் வலையில விழற பொடி மீனே இரை தம்பி. விக்காததை எடுத்து நண்டுக்குப் போடுவோம். இப்ப பொடி மீனுக்கும் ஏலம் கேக்கறான். இரையையும் காசு குடுத்து வாங்கித்தான் தொழிலுக்குப் போறோம்."

பொடி மீனை யார் ஏலம் கேட்கிறார்கள்? விசைப்படகுகள் கொண்டுவரும் கழிவு மீனுக்கு, அதாவது சாப்பாட்டுக்கு ஆகாத சின்ன மீனுக்கு, மீன்தூள் ஆலைகள் வந்துவிட்டன. கழிவு என்று பெயர், ஆனால் கழிவு இல்லை. பாதி நல்ல மீனின் குஞ்சு. ஒரு கிலோ மீன்தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை மீன் வேண்டும். அந்தத் தூள் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிறது. ஆக, குளத்து இறாலுக்குத் தீனியும் ஏரி நண்டுக்கு இரையும் ஒரே கூடைக்குப் போட்டி போடுகின்றன. பழவேற்காட்டுக் களிநண்டு சென்னை வழியாக உயிரோடு சிங்கப்பூர் வரை போகிற சரக்கு. அதைப் பிடிக்கிறவர் செலவுக் கணக்கில் இரை என்று ஒரு வரி புதிதாக ஏறியிருக்கிறது. சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் படகுகள் நிறைய வந்தன, அதோடு இன்ஜினும் எண்ணெய்ச் செலவும் வந்தன. அவை ஓரளவு எல்லாருக்கும் தெரிந்த கதை. இரையின் கதைதான் அதிகம் எழுதப்படாதது.

அதிலும் விசித்திரமான பகுதி புழு.

ஏரியின் அடிச்சேற்றில் பாலிக்கீட் என்ற வகைக் கடல்புழுக்கள் வாழ்கின்றன. பார்க்க மண்புழு மாதிரிதான், ஆனால் உடம்பின் இரு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னக் கால் போன்ற நீட்சிகளும் மயிரிழைகளும் இருக்கும். சேற்றுக்குள் வளை போட்டு, அதைக் கிளறிக் காற்றோட்டம் கொடுப்பவை இவைதான். இறால், நண்டு, கெளுத்தி, கரையோரப் பறவைகள் எல்லாவற்றுக்கும் தீனி. தூண்டில்காரர்களுக்கு உலகம் முழுக்க இது பழைய இரை. நான் முதலில் சொன்ன அதே மெயின் மாநிலத்தில் சேற்றில் புழு தோண்டுவது பல தலைமுறையாக நடக்கும் தனித் தொழில், அதற்கு அரசு உரிமமும் உண்டு. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் 1980-களிலேயே தொட்டியில் புழு வளர்த்துத் தூண்டில் கடைகளுக்கு விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பழவேற்காட்டுப் புழுவை விலைக்குக் கேட்டவர்கள் தூண்டில்காரர்கள் இல்லை, இறால் ஹேச்சரிகள். தாய் இறால் முட்டை வைக்க வேண்டுமென்றால் வெறும் தீவனம் போதாது. இந்தப் புழுவில் உள்ள கொழுப்பு அமிலங்களும் ஹார்மோன் போன்ற பொருள்களும் சினைப்பையை முதிரச் செய்கின்றன. ஹேச்சரியில் இன்னொரு வேலையும் செய்வார்கள். தாய் இறாலின் ஒரு கண்காம்பை வெட்டிவிடுவார்கள் அல்லது நசுக்கிவிடுவார்கள். முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது, அதனால். கண்ணை எடுத்து, புழுவைக் கொடுத்து, முட்டை வாங்குகிற தொழில். (முதல்முறை படித்தபோது இரண்டு நாள் இறால் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டேன்.)

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இறாலுக்கு இவ்வளவு மவுசு எப்போது வந்தது?

இரண்டாம் உலகப் போருக்கு முன் நம் கரைகளின் இறாலில் நிறையப் பகுதி கருவாடாகப் பர்மாவுக்குப் போனது. உறைய வைத்து அமெரிக்காவுக்கு அனுப்புவது 1950-களில் கேரளத்தில் தொடங்கி, பிறகு கிழக்குக் கரைக்கும் வந்தது. சென்னை மாகாண மீன்துறைக்கு அதற்கு முன்பே பழவேற்காட்டின் மேல் ஒரு கண் இருந்தது. ஃபிரெடரிக் நிக்கல்சன் 1907-இல் தொடங்கிவைத்த துறை அது. அதில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1910 வாக்கில் இங்கே சிப்பி வளர்த்துப் பார்த்தார், பிரான்ஸின் ஆர்க்கஷான் கழியில் வளர்க்கிற மாதிரி. நம் ஆட்களுக்குச் சிப்பி நாக்குக்கு ஒத்துவரவில்லை, துரைமார் சாப்பாட்டு மேசைதான் அதற்குச் சந்தை. அது பெரிதாக வளரவில்லை. இறால் வளர்ந்தது. 1970-களில் ஏற்றுமதி ஏஜென்டுகள் ஐஸ் பெட்டியோடு ஏரிக்கரைக்கு வந்தபோது வெள்ளை இறாலும் வரி இறாலும் திடீரென்று பணமாகின.

பணம் வந்ததும் பழைய ஏற்பாடு ஒன்று நெருக்கடிக்கு உள்ளானது. பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களில் தலைக்கட்டாகப் பெயர் உள்ள ஆண்கள், இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் நல்ல இடம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே போய்வருகிற இறால் அந்த வாயில் வழியாகத்தான் போயாக வேண்டும். இன்று உனக்கு நல்ல இடம் என்றால் நாளை எனக்கு. யாரும் ஒரேயடியாக அள்ளிவிட முடியாது. மீன்வள ஆராய்ச்சியாளர்கள் இதைப் பாராட்டி நிறைய எழுதியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அது வேலி போட்ட பங்கீடு. தலைக்கட்டில் பெயர் இல்லாதவருக்குப் பாடு இல்லை. இறால் பணமானதும் மற்ற ஊர்க்காரர்கள் எங்களுக்கும் பங்கு என்று கேட்டார்கள், சண்டையும் வந்தது. இருளர்களுக்கு எப்போதுமே பாடு கிடையாது. அவர்களுக்கு வலையும் படகும்கூட அரிது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தடவுகிற பெண்களை இன்றும் பார்க்கலாம்.

என் ஊகம் ஒன்று. பாடு என்பது தண்ணீருக்கு உண்டு, அதன் கீழே கிடக்கும் சேற்றுக்குக் கிடையாது. இறால் வரும் வழிக்கு முறை வைத்தார்கள், இறால் தின்னும் புழுவுக்கு வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றியிருக்காது, புழுவை யார் வாங்கப்போகிறார்கள்?

வாங்க ஆள் வந்தது இறால் பண்ணைகளோடு. 1990-களின் தொடக்கத்தில் ஆந்திர, தமிழகக் கரை முழுக்க வரி இறால் குளங்கள் வெட்டினார்கள். 1994-95 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாகச் செத்தது. நாகப்பட்டினம் பக்கத்தில் விளைநிலம் உப்பாவதை எதிர்த்துப் போராடிய சர்வோதயத் தலைவர் ஜெகநாதன் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லி, அவற்றிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. ஏரிக்கு அது பெரிய கவசம். பிறகு 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து இந்தத் தொழிலை வேறு வழியில் ஒழுங்குபடுத்தியது. 2009-இல் வனாமி என்ற அமெரிக்க இறாலை அனுமதித்தார்கள். ஃப்ளோரிடாவிலிருந்தும் ஹவாயிலிருந்தும் விமானத்தில் வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் தொற்றுக்காப்பில் இருந்துவிட்டு ஹேச்சரிகளுக்குப் போகும். 2022-23-இல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைய வைத்த இறால் 7.11 லட்சம் டன். அதில் பெரும்பகுதி வனாமி.

கவனியுங்கள், தீர்ப்பு பண்ணையை 1000 மீட்டர் தள்ளி வைத்தது. பண்ணையின் பசியை எத்தனை மீட்டர் தள்ளி வைக்க முடியும்? குளம் மரக்காணத்தில் இருக்கலாம், நெல்லூரில் இருக்கலாம். அதற்கு வேண்டிய புழு பழவேற்காட்டுச் சேற்றில் இருக்கிறது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஆட்கள் இறங்கி, மண்வெட்டியால் வெட்டி, சலித்து, டப்பாவில் அடைத்து அனுப்பினார்கள். இறங்கியவர்களில் பலர் இருளர்கள். தமிழக எல்லைக்குள் உள்ள ஏரிப்பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே புழு எடுப்பது குற்றம். வனத்துறை அவ்வப்போது பிடிக்கும். மாட்டுவது சேற்றில் நிற்கிற ஆள். டப்பாவை வாங்கி வண்டியில் ஏற்றுகிறவர் மாட்டுவது அபூர்வம், ஹேச்சரிக்காரர் அதைவிட அபூர்வம்.

இதில் எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று இன்னும் முழுசாகத் தெளியவில்லை. மீனவர் சொல்வது நியாயம். சேற்றைப் புரட்டினால் புழு போகும், புழு போனால் இறாலும் நண்டும் எதைத் தின்னும்? "எங்க நண்டுக்குத் தீனியைத் தோண்டி எவனோ வளக்கற இறாலுக்குப் போடறான்" என்றார் அந்த அண்ணன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் சஞ்சீவராஜ் வாழ்நாளெல்லாம் இந்த ஏரியின் உயிர்களைப் பட்டியல் போட்டவர். அவருடைய தொகுப்பை 2006-இல் தேசிய பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. அதைப் புரட்டினால் ஒன்று இன்னொன்றின் வாயில் தொங்குவது தெரியும். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஏரியில் பங்கே இல்லாத ஒருவருக்கு, கையில் காசு தருகிற முதல் பொருளாகச் சேற்றுப் புழு வரும்போது, அதை எடுக்காதே என்று சொல்கிற உரிமை பாடு வைத்திருப்பவருக்கு எவ்வளவு உண்டு?

கரையில் பறியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு இருளர் அம்மாவிடம் புழுவைப் பற்றிக் கேட்டேன். முதலில் தெரியாது என்றார். நான் யாரோ ஆபீஸ் ஆள் என்று நினைத்திருப்பார், நியாயம்தான். கொஞ்சம் பேச்சு ஓடிய பிறகு, "வெட்டுன எடத்துல கால் வெச்சா சேறு வேற மாரி இருக்குது சாமி. அங்க தடவுனா இறாலு கெடைக்கறதில்ல," என்றார். நீங்கள் வெட்டப் போவீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புழுவுக்கான கிராக்கி ஓரளவு மாறிக்கொண்டிருக்கிறது, அது ஏரியின் மேல் இரக்கத்தால் இல்லை. சென்னையில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபாவின் விஞ்ஞானிகள், வெள்ளைப்புள்ளி வைரஸை இந்தப் புழுக்கள் சுமந்து தாய் இறாலுக்குக் கொடுக்க முடியும் என்று 2005-இல் காட்டினார்கள். காட்டுப் புழு ஆபத்து என்று ஆனதும், நோயில்லாமல் தொட்டியில் வளர்த்த புழுவுக்கு மதிப்பு வந்தது. தூண்டில் இரைக்காக ஐரோப்பாவில் தொடங்கிய புழு வளர்ப்பு இன்று இறால் ஹேச்சரிகளுக்கும் உறைய வைத்த புழுவை விற்கிறது. அப்படி விற்கிற நாடுகளில் ஒன்று நெதர்லாந்து. பழவேற்காட்டில் துணி வாங்கிக் கப்பலேற்றியவர்களின் நாடு! ஆனால் உறைந்த புழு விலை அதிகம். உயிர்ப் புழு மலிவு, தின்கிற தாய் இறாலும் அதைத்தான் விரும்பும் என்கிறார்கள் தொழிலில் உள்ளவர்கள். அதனால் டப்பாக்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

கடைசியாகப் போனபோது முகத்துவாரம் மணல் தட்டி இருந்தது. அது அடைந்தால் கடல்தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. படகு தரை தட்டாமல் இருக்க எல்லாரும் இறங்கித் தள்ளினோம். இரை வாளியில் இந்த முறை மீன் இல்லை. பொன்னேரி கறிக்கடையிலிருந்து வாங்கிய கோழிக்குடல். நண்டு இதற்கு வருமா என்று கேட்டேன். "பழக்கிட்டோம்," என்று சிரித்தார் அண்ணன். வாளி நிறைய வாங்க அதற்கும் இப்போது காசு கேட்கிறார்களாம், முன்னே சும்மா கொடுத்ததை.