மொபைல் கம்ப்யூட்டிங் படிச்சா ஆப் செய்ய வருமா? விழுப்புரம், திண்டிவனம் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரும் பலரும் முதலில் கேட்பது, "ஆப் செய்ய கத்துக் கொடுப்பாங்களா?" என்பதுதான். பதில், நீங்கள் எந்த ஆண்டு விதிமுறையில் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

2013, 2017 விதிமுறைகளில் ஆறாவது செமஸ்டரில் 'மொபைல் கம்ப்யூட்டிங்' தியரியும், அதோடு ஆப் உருவாக்கும் ஆய்வகமும் இருந்தன. 2021 விதிமுறையில் 'ஆப் டெவலப்மென்ட்' விருப்பப் பாடமாகிவிட்டது. நீங்கள் எடுத்தால்தான் உண்டு. உங்கள் கல்லூரியில் அதை நடத்துகிறார்களா என்பதை ஐந்தாவது செமஸ்டருக்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

தியரியில் என்ன இருக்கு?

மொபைல் கம்ப்யூட்டிங் என்பது ஆப் எழுதும் பாடம் கிடையாது. ஒரே டவரை பல போன்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஜிஎஸ்எம் எப்படி வேலை செய்கிறது, இடம் மாறினாலும் இணைப்பு எப்படித் தொடர்கிறது என்பதெல்லாம்தான் அதில் வரும். பழைய பாடத்திட்டத்தில் வாப் கூட இருந்தது. அந்த பக்கங்களை போனில் திறந்து பார்த்தவர்கள் இன்றைக்கு வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனா தியரி வீண் இல்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போகும்போது டவர் மாறிக்கொண்டே இருக்கும், டவுன்லோடு நிற்காது. அதை நெட்வொர்க்கே பார்த்துக்கொள்கிறது. ஆனால் கல்லூரி வைஃபையை விட்டு வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் போனின் ஐபி முகவரி மாறிவிடும், திறந்திருந்த இணைப்பு பெரும்பாலும் அறுந்துவிடும். இதைத் தெரிந்தவர் எழுதும் ஆப் மறுபடி முயற்சி செய்யும். தெரியாதவர் எழுதியது 'பிழை' என்று காட்டிவிட்டு நின்றுவிடும்.

ரெக்கார்டு நோட்டு பிரச்னை

ஆய்வகப் பயிற்சிகளில் கால்குலேட்டர், அலாரம், இருப்பிடம் காட்டும் ஆப், எஸ்டி கார்டில் தகவல் எழுதுவது, மெசேஜ் வந்தால் அறிவிப்பு தருவது ஆகியவை வரும். சீனியர் கொடுத்த கோடை அப்படியே டைப் செய்தால் இதில் சில இப்போது ஓடாது. நீங்கள் தப்பாக டைப் செய்ததால் அல்ல, ஆண்ட்ராய்டு மாறிவிட்டதால்.

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், மெசேஜ் படிப்பது போன்ற அனுமதிகளை ஆப் ஓடும்போதே பயனரிடம் கேட்க வேண்டும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், நினைத்த ஃபோல்டரில் ஆப் எழுத முடியாதபடி கட்டுப்பாடு தொடங்கியது. பின்னணி வேலைக்கு எல்லா நோட்டிலும் இருக்கும் 'அசிங்க்டாஸ்க்' ஆண்ட்ராய்டு 11-ல் கைவிடப்பட்டது. ஜாவாவில் எழுதலாம்தான், ஆனால் 2019 முதல் கூகுள் முன்னிறுத்துவது கோட்லினை. எக்ஸ்டர்னல் தேர்வுக்கு நோட்டு போதும். வேலை இன்டர்வியூவில், "இது ஏன் இப்போது ஓடவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் அதற்கே தனி மதிப்பு உண்டு.

நல்ல லேப்டாப் இல்லையா?

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இலவசம். ஆனால் 8 ஜிபி ராமில் எமுலேட்டர் போட்டால் மெஷின் திணறும். அதற்கு பதிலாக உங்கள் போனையே யுஎஸ்பியில் இணையுங்கள். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் வசதி திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்தால் போதும். அதற்கும் வழி இல்லை என்றால், பிரவுசரிலேயே ஓடும் எம்ஐடி ஆப் இன்வென்டரில் தொடங்கலாம். ஐபோன் ஆப் ஆசை இருந்தால் எக்ஸ்கோடு வேண்டும், அது மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். முதல் ஆப்புக்கு அந்த செலவு தேவையில்லை.

ஆப்பில் தமிழ் சேர்க்க 'வேல்யூஸ்-டிஏ' என்ற ஃபோல்டரில் சொற்களைத் தனியாக வைத்தால் போதும். தமிழில் செட் செய்த போனில் தானாகவே தமிழ் வரும்.

பிளே ஸ்டோரில் போட எவ்வளவு ஆகும்?

ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்காக இருந்தால் கூகுள் இன்னொரு நிபந்தனையும் வைத்திருக்கிறது. வெளியிட விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 பேர், 14 நாள் தொடர்ந்து சோதனையில் இருக்க வேண்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள், பிறகு குறைத்தார்கள். ஹாஸ்டலில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் 12 பேரைப் பிடிப்பது கஷ்டமில்லை. இரண்டு வாரத்துக்கு நடுவில் யாரும் விலகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதனால் 15 பேராகவே சேர்த்துவிடுங்கள்.